நிற்கையில் ஓடும் எஞ்சின்

வண்டி நிற்கின்றது, எஞ்சின் ஓடுகின்றது. இந்நிலையை எங்கள் ஊர்ச் சாரதிமார் 'ஸ்ராட்டிலை நிக்குது' என்பர். ஆங்கிலத்தார் 'ஐடில்' என்பர். வேலையற்றிருத்தல், சோம்பியிருத்தல் என்பன அவ்வாங்கிலச் சொல்லின் பொருள்கள். சொல்லை எடுத்து அதன் பொருட்பொருத்தம் பார்த்தல் தமிழாசிரியனுக்குப் பழகிப்போன தொழில். அப்பழக்கத்தோடு பார்க்குமிடத்து, ஆங்கிலச் சொல்லினும் எங்கள் சாரதிமார் வழக்கே உண்மைக்கு அண்மையது என்று துணியவேண்டியிருக்கின்றது. நிற்கும் வண்டியின் எஞ்சின் சோம்பியிருப்பதன்று. அஃது எண்ணெயை உறுப்புத்தோறும் ஏற்றுகின்றது. நீரைச் சுழலச் செய்து வெம்மையைத் தணிக்கின்றது. மின்னைப் பிறப்பித்துப் பற்றரிக்கு ஊட்டுகின்றது. பிறேக்கிற் காலை வைத்தவுடன் வண்டி அடங்குதற்கு வேண்டிய துணைவலுவையும் ஆக்கிக் கொடுக்கின்றது. உறங்குவான் ஒருவனின் நாடி ஓயாது துடிப்பது போன்றது இந்த ஓட்டம்.

அந்நாடி தளர்ந்தால் என்ன ஆகும்? தளர்ச்சிக்குக் காரணம் எது என்பதை எவ்வாறு அறிவது? பழைய லொறியொன்றை முன்வைத்து இவ்வினாக்களுக்கு விடை கூறுதலே இக்கட்டுரையின் நோக்கம். 'பண்டிதருக்கும் லொறிக்கும் என்ன உறவு?' என்று அன்பர் சிலர் நகைக்கக்கூடும். அவர்களுக்கு இரண்டு விடை உள. ஒன்று, காரியத்தைக் கண்டு காரணத்தைத் துணிதல் எத்துறைக்கும் பொதுவாகிய அறிவு. அளவைநூலார் புகையைக் கண்டு நெருப்பைத் துணிந்ததும் இவ்வறிவினாலேயே. மற்றையது, அந்த லொறியை நம்பி எனக்கு நெருங்கிய குடும்பம் ஒன்று வாழ்கின்றது.

எஞ்சின் இயங்குமாறு

டீசல் எஞ்சினைக் கண்டவர் ருடோல்ஃப் டீசல் என்னும் ஜேர்மானியப் பொறியியலாளர். 1893 ஆம் ஆண்டில் அவர் அதற்கு உரிமைப்பத்திரம் பெற்றார். 1897 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஆக்ஸ்பேர்க் நகரில் அது செவ்வனே இயங்கிக் காட்டியது. 1913 ஆம் ஆண்டில், பெல்ஜியத்திலிருந்து இங்கிலாந்துக்குக் கப்பலிற் செல்லும் வழியில் அவர் காணாமற்போய், பின்னர் கடலிலே பிணமாகக் காணப்பட்டார். அவருடைய பெயரே எஞ்சினுக்கும் அதன் எரிபொருளுக்கும் பெயராகி, இன்று குக்கிராமத்துச் சிறுவன் வாயிலும் வழங்குகின்றது.

பெற்றோல் எஞ்சினிலே எரிபொருளைக் கொளுத்துதற்கு மின்பொறி வேண்டும். டீசல் எஞ்சினுக்கு அது வேண்டுவதில்லை. சிலிண்டருள்ளே இழுக்கப்பட்ட காற்றைப் பிஸ்ரன் 18 இல் ஒரு பங்கு அளவினதாக நெருக்கும். நெருக்குண்ட காற்று 500 பாகை செல்சியசுக்கு மேற்பட்ட வெம்மையை அடையும். அந்தக் கணத்திலே டீசல் நுண்டுளியாகப் பீச்சப்படும். பட்டவுடன் தானே தீப்பற்றும். ஆகவே, காற்று நன்கு நெருக்குண்ண வேண்டும். டீசல் உரிய நேரத்தில், உரிய அளவில், நுண்டுளியாக வரவேண்டும். இவற்றுள் யாதாயினும் ஒன்று பிழைத்தால் எஞ்சினின் ஓட்டமும் பிழைக்கும்.

நான்கு சிலிண்டர் கொண்ட சிறு லொறி ஒன்றினை எடுத்துக்கொள்வோம். வண்டி நிற்கையில் அதன் எஞ்சின் நிமிடத்துக்கு 750 முறை சுற்ற வேண்டும் எனக் கொள்க. ஒவ்வொரு சிலிண்டரிலும் இரண்டு சுற்றுக்கு ஒரு முறை தீப்பற்றும். நான்கு சிலிண்டரிலுமாக நிமிடத்துக்கு 1,500 முறை, அஃதாவது நொடிக்கு 25 முறை, எரிதல் நிகழும். வேகம் 500 சுற்றுக்கு இறங்கினால் நொடிக்கு ஏறத்தாழ 17 முறையே எரியும். ஓர் எரிதலுக்கும் அடுத்ததற்கும் இடையே உள்ள இடைவெளி நீளும், எஞ்சின் உதறும், கண்ணாடிகள் அதிரும், எண்ணெயின் அழுத்தம் குறையும், பற்றரிக்கு மின் போதாது. இன்னுஞ் சிறிது இறங்கினால் எஞ்சின் அணைந்துவிடும்.

வேகம் இவ்வாறு இறங்காமற் காப்பதற்கென்றே ஓர் உறுப்பு உண்டு. அதனைக் 'கவர்னர்' என்பர். ஆங்கிலேயர் காலத்தில் நாட்டை ஆண்டவருக்கு வழங்கிய பெயரும் அதுவே. இன்று மாகாணத்தில் அப்பதவி வகிப்பவரை ஆளுநர் என்கின்றோம். ஆதலின் எஞ்சினுள் இருப்பதனை வேக ஆளி எனலாம். ஜேம்ஸ் வாட் 1788 ஆம் ஆண்டில் நீராவி எஞ்சினுக்குப் பொருத்திய சுழல்குண்டுகளே இதற்கு மூத்த முன்னோடி. டீசலைப் பீச்சும் பம்பினுள்ளே சிறு எடைத்துண்டுகள் சுழலும். வேகம் கூடினால் அவை வெளிநோக்கி விரிந்து டீசலின் அளவைக் குறைக்கும். வேகம் குறைந்தால் அவை ஒடுங்கும். சுருள்வில் முந்திக்கொண்டு டீசலின் அளவைக் கூட்டும். சாரதி எக்சிலேற்றரை மிதிக்கும்போது அச்சுருள்வில்லையே இறுக்குகின்றார். காலை எடுத்த பின்னர் நெம்புகோல் எவ்வளவு தூரம் பின்னோக்கி வரலாம் என்பதை ஒரு திருகாணி வரையறுக்கும். அந்தத் திருகாணியே இந்தக் கதையிற் குற்றத்துக்குத் துணைபோனது.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். வேகம் குறைவதை முதலில் அறிவது சாரதியல்லர், வேக ஆளியே. அறிந்தவுடன் அது கூடுதலாக டீசல் கொடுக்க முயலும். அவ்வாறு முயன்றும் வேகம் ஏறாதாயின் காரணம் நான்கினுள் ஒன்றாகவே இருத்தல் வேண்டும். ஒன்று, கேட்ட டீசல் வந்து சேரவில்லை. இரண்டு, வந்து சேர்ந்தது செவ்வனே எரியவில்லை. மூன்று, எரிந்து பிறந்த வலுவை வேறு யாதோ விழுங்குகின்றது. நான்கு, வேக ஆளியோ அதற்கு இடப்பட்ட ஆணையோ பிழையானது. பழுது பார்ப்போர் செய்யும் சோதனை யாவும் இந்நான்கனுள் அடங்கும்.

ஒரு குடும்பத்தின் லொறி

என் தங்கையின் மகன் 2023 ஆம் ஆண்டிலே பழைய லொறி ஒன்றை வாங்கினான். 2020 மார்ச்சு மாதத்தில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டிருந்தமையால், பழைய வண்டிகளின் விலை மிக உயர்ந்திருந்த காலம் அது. தாயின் நகைகளை அடகுவைத்தும், மிகுதிக்குக் கடன்பட்டும் வாங்கினான். 1990களில் யப்பானிலே செய்யப்பட்ட சிறு லொறி. நான்கு சிலிண்டர் டீசல் எஞ்சின். சுன்னாகம் சந்தையிலே சின்னவெங்காயமும் வாழைக்குலையும் ஏற்றித் தம்புள்ளைக்குச் செல்வான். அங்கிருந்து மலைநாட்டு மரக்கறி ஏற்றி வருவான். மாதந்தோறும் கடன்தவணை கட்டவேண்டும்.

வாங்கி ஒரு மாதத்துள் நோய் வெளிப்பட்டது. காலையில் எஞ்சின் நன்றாகவே பிடிக்கும். அரைமணி நேரம் ஓடிய பின்னர், சந்தியிலோ சோதனைச் சாவடியிலோ காலை எடுத்தால் வேகம் தளர்ந்து, வண்டி உதறி அணைந்துவிடும். ஐந்து நிமிடம் பொறுத்தால் மீண்டும் பிடிக்கும்.

இது வெறுந் தொல்லையன்று. இவ்வகை லொறிகளின் பிறேக்குக்குத் துணைசெய்வது வெற்றிடம். அவ்வெற்றிடத்தை ஆக்குவது எஞ்சினாற் சுழற்றப்படும் ஒரு சிறு பம்பு. எஞ்சின் அணைந்தால், சேமித்து வைத்த வெற்றிடம் ஒன்றிரண்டு மிதிக்கே போதும். பின்னர் பிறேக் கல்லைப் போல் இறுகிவிடும். ஸ்ரேறிங்கும் கனத்துவிடும். நான்கு தொன் சுமையோடு சரிவில் இறங்கும் வண்டிக்கு இஃது உயிராபத்து. ஒரு நாள் மாலையிலே, காவலற்ற புகையிரதக் கடவை ஒன்றிலே, முன் சில்லுகள் தண்டவாளத்தைக் கடந்தபோது லொறி அணைந்து நின்றது. அயலிலே தோட்டத்தில் நின்றோர் ஓடிவந்து தள்ளினர். அவ்வேளையிற் புகையிரதம் வரவில்லை. வந்திருந்தால் என்ற நினைவு என் தங்கையைப் பல இரவு உறங்கவிடவில்லை.

மருமகன் இரண்டு கராஜுக்குப் போனான். முதலாவது கராஜில், 'திருகாணியை இன்னுங் கொஞ்சம் ஏத்திவிட்டாற் சரி' என்றனர். இரண்டாவதில், 'பம்பு முடிஞ்சுது, மாத்த வேணும்' என்றனர். பம்பின் விலை பல மாதத் தவணைக்குச் சமமாயிருந்தது. மூன்றாவதாகத் தரகர் ஒருவர் வந்தார். 'தம்பி, ஸ்ராட்டை ஏத்திப்போட்டு வித்துவிடு. உனக்கு வித்தவனும் அதுதானே செய்தவன். பாக்க வாறவன் பத்து நிமிசந்தான் ஓடிப்பாப்பான். அரைமணி ஓடமாட்டான்' என்றார். சொல்லியபடியே மறுநாள் ஒருவரை அழைத்தும் வந்தார். வந்தவன் மருமகனின் வயதினன். அவனும் கடன்பட்டு வாங்க வந்தவன். முற்பணத்தை மேசைமேல் வைத்துவிட்டான்.

அன்றிரவு மருமகன் என்னிடம் வந்தான். "மாமா, என்ன செய்யிறது? காசு கையிலை இருக்கு. குடுத்தால் கடன் தீரும்" என்றான்.

"தம்பி, லொறியைக் குடுத்தால் கடன் தீரும், கடவை தீராது. அதிலை நாளைக்கு அந்தப் பொடியன் நிப்பான்" என்றேன். அதற்குமேல் யான் ஒன்றுஞ் சொல்லவில்லை. அவன் நெடுநேரம் பேசாதிருந்தான். விடிந்ததும் போய், லொறியில் நோய் இருப்பதைச் சொல்லி முற்பணத்தைத் திருப்பிக் கொடுத்தான். தரகர் அவனைப் பைத்தியக்காரன் என்று ஏசினாராம்.

மண்ணெண்ணெய்க் காலத்து மெக்கானிக்

எங்கள் அயற்கிராமத்திலே முதிய மெக்கானிக் ஒருவர் இருக்கின்றார். பெயர்ப்பலகை இல்லை, ஒரு வேப்பமரமும் தகரக் கொட்டிலுமே அவருடைய பட்டறை. 1990களில் யாழ்ப்பாணத்தில் எரிபொருட் பஞ்சம் நிலவியபோது வாகனங்களை மண்ணெண்ணெயில் ஓடச் செய்தவர்களுள் அவரும் ஒருவர். இளையோர் அக்காலத்தை அறியார். பெற்றோல் அரிதாகையால், பழைய ஒஸ்ரின், மொறிஸ் கார்களின் காபரேற்றரிலே சில துளி பெற்றோலை விட்டு எஞ்சினைப் பிடிக்கச் செய்வர். சூடேறிய பின்னர் மண்ணெண்ணெயில் ஓட்டுவர். மண்ணெண்ணெய் பெற்றோலைப்போல் எளிதில் ஆவியாவதில்லை. எஞ்சின் மெல்ல ஓடும்போது உள்ளிழுக்கப்படும் காற்றின் விசை குறைவு, ஆதலின் மண்ணெண்ணெய் ஈரமாகவே தங்கும், எஞ்சின் திணறும். அணைந்தால் மறுபடியும் பெற்றோல் வேண்டும். அதனால், நிற்கையில் எஞ்சினை அணையவிடாது காத்தல் அக்காலச் சாரதிமாருக்கு ஒரு நோன்பாயிருந்தது. அந்தப் பயிற்சியில் வளர்ந்த செவி அம்முதியவருடையது. அவரிடமே லொறியைக் கொண்டுசென்றோம்.

அவர் முதலில் ஸ்பானரைத் தொடவில்லை, கேள்வி கேட்டார். குளிரிலா, சூட்டிலா? மெல்ல மெல்ல வந்ததா, ஒரு நாளில் வந்ததா? புகை என்ன நிறம்? தாங்கியில் டீசல் எவ்வளவு இருக்கும்போது வருகின்றது? இக்கேள்விகள் ஒவ்வொன்றுக்கும் காரணம் உண்டு. கரும்புகை காற்றுக் குறைவையோ டீசல் மிகுதியையோ காட்டும். வெண்புகை எரியாத டீசலைக் காட்டும். நீலப்புகை எண்ணெய் எரிவதைக் காட்டும். மருமகன் புகை பெரிதாக இல்லை என்றான். தாங்கி நிறைந்திருக்கும்போது நோய் குறைவு, அரைவாசிக்குக் கீழே போனால் மிகுதி என்றான். முதியவர் தலையை அசைத்தார். "இது முக்கியம், மறந்துபோகாதை" என்றார்.

பின்னர் எளிய சோதனையிலிருந்து தொடங்கினார். முதலில் வலுவை விழுங்குவது ஏதும் உண்டோ என்று பார்த்தார். கிளச்சை மிதித்தும் விட்டும் கேட்டார், வேறுபாடு இல்லை. பெல்ற்றைத் தளர்த்தி மின்பிறப்பியையும் நீர்ப்பம்பையும் கையாற் சுழற்றினார், தடையின்றிச் சுழன்றன. அடுத்து எக்சிலேற்றரின் கம்பியைப் பார்த்தார். நெம்புகோல் திருகாணிவரை ஒழுங்காகத் திரும்பி வந்தது. ஆனால் அத்திருகாணியிலே ஒரு புதுமை கண்டார். அதன் பூட்டு நட்டிலே ஸ்பானர் பட்ட புது வடு இருந்தது. திருகாணியும் மிக உள்ளே இறக்கப்பட்டிருந்தது. "பண்டிதர், வித்தவனுக்கு வருத்தம் தெரிஞ்சிருக்கு" என்றார்.

மூன்றாவதாக, எரிதல் செவ்விதா என்பதைப் பார்த்தார். எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, சிலிண்டருக்குச் செல்லும் டீசல் குழாய்களின் நட்டுக்களை ஒவ்வொன்றாகச் சிறிது தளர்த்தினார். தளர்த்திய சிலிண்டர் அக்கணம் வேலை செய்யாது. எஞ்சினின் வேகம் இறங்கும். ஏதேனும் ஒன்றைத் தளர்த்தும்போது வேகம் இறங்காதாயின், அந்தச் சிலிண்டர் முன்னரே வேலை செய்யவில்லை என்பது பொருள். நான்கிலும் வேகம் ஒரே அளவாக இறங்கியது. ஆகவே, நான்கும் ஒத்து உழைக்கின்றன. இன்ஜெக்டரையோ நெருக்கத்தையோ குறைசொல்ல இடமில்லை. இச்சோதனையை வாசகர் எவரும் தாமாகச் செய்ய முயலற்க. அழுத்தத்தோடு பீச்சும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும். சிறு புள்ளியாகத் தோன்றும் அக்காயம் கையையே இழக்கச் செய்யும். அவர் கண்ணுக்குக் காப்பணிந்து, தடித்த துணியால் மூடியே நட்டைத் தளர்த்தினார். இக்காலத்து 'கொமன் ரெயில்' எஞ்சின்களில் அழுத்தம் வளிமண்டலத்தைப்போல் ஆயிரம் மடங்கினும் மேற்பட்டது. அவற்றில் இச்சோதனை அறவே கூடாது. அவற்றின் நின்றோடும் வேகத்தை ஆள்வதும் திருகாணியன்று, கணினி.

எஞ்சியது டீசல் வரும் வழி. பில்டரின் அடியைத் திறந்தார். முதலில் நீர் வந்தது. நீரோடு கருஞ்சேறு போன்ற வழும்பும் வந்தது. டீசல் நீரினும் இலேசானது. ஆதலின் நீர் எப்போதும் அடியிலே தங்கும். இரண்டும் சந்திக்கும் எல்லையிலே நுண்ணுயிர்கள் வளர்ந்து வழும்பை ஆக்கும். 2022 ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை எவரும் மறந்திரார். வரிசையில் நின்று பெற்ற டீசலைப் பலர் பீப்பாக்களிலும் கலன்களிலும் மாதக்கணக்கிற் சேமித்தனர். வண்டிகளும் அரைத் தாங்கியோடு நெடுநாள் ஓடாது நின்றன. தாங்கியின் வெற்றிடத்துக் காற்றிலுள்ள ஈரம் இரவிற் குளிர்ந்து நீராகும். இந்த லொறியும் அக்காலத்திலே பல மாதம் நின்றதாகப் பின்னர் அறிந்தோம்.

புதிய பில்டர் பூட்டப்பட்டது. எஞ்சின் நன்றாக ஓடியது. மருமகன் மகிழ்ந்தான். மூன்றாம் நாள் நோய் திரும்பிவிட்டது.

"பிள்ளையைப் பிடிச்சம், தாய் இன்னும் உள்ளுக்கை நிக்குது" என்றார் முதியவர். தாங்கியின் மூடியைத் திறந்து பார்த்தார். மூடியிலுள்ள காற்றுத்துளை அடைபட்டிருந்தால், டீசல் குறையக் குறையத் தாங்கியினுள்ளே வெற்றிடம் மிகுந்து ஓட்டம் தடைப்படும். மூடியைத் திறந்தவுடன் காற்று இரைந்து உட்புகும். அவ்வாறு ஓசையும் எழவில்லை, வேறுபாடும் இல்லை.

அதன்பின் அவர் செய்தது என் மனத்தை மிகவுங் கவர்ந்தது. சுத்தமான கலன் ஒன்றிலே ஐந்து லீற்றர் புது டீசல் விட்டு, அதனை எஞ்சினுக்கு மேலே உயரக் கட்டினார். தாங்கியிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, கலனிலிருந்து நேரே பில்டருக்கு ஒரு குழாய் பூட்டினார். பம்பிலிருந்து மிகுதி டீசல் திரும்பும் குழாயையும் அக்கலனிலேயே விட்டார். ஒரு மணி நேரம் எஞ்சின் ஓடியது. தளரவில்லை, உதறவில்லை. அளவுகருவியைப் பிடித்துப் பார்த்தபோது நிமிடத்துக்கு 950 சுற்று இருந்தது. வேண்டியதினும் இருநூறு மிகுதி. ஆகவே பம்பு குற்றமற்றது. வேக ஆளியும் குற்றமற்றது. மாற்றியே தீரவேண்டும் என்று ஒருவர் தீர்ப்புக் கூறிய பம்பு, ஐந்து லீற்றர் டீசலாலும் ஒரு முழக் குழாயாலும் விடுதலை பெற்றது. குற்றம் தாங்கிக்கும் பில்டருக்கும் இடையில் உள்ளது என்பது ஐயமற முடிந்தது.

மீண்டும் தாங்கியின் குழாயைப் பூட்டும்போது, இடையிலே ஒளி ஊடுருவும் குழாய்த்துண்டு ஒன்றை வைத்தார். அரைமணி நேரம் வண்டியை ஓட்டி வந்தபின், அத்துண்டினுள்ளே காற்றுக்குமிழிகள் கோத்த மணிபோல் ஓடுவதைக் கண்டோம். தாங்கியின் மேற்புறத்திலே, இறுக்கிய வளையத்தின் கீழே, இறப்பர்க் குழாய் வெடித்திருந்தது. தாங்கியைக் கழற்றிப் பார்த்தபோது, டீசலை உறிஞ்சும் குழாயின் நுனியிலுள்ள வலையை வழும்பு போர்த்திருந்தது.

நோயின் கதை இப்பொழுது முழுமையாயிற்று. வண்டி ஓடும்போது தாங்கியின் அடிவழும்பு கலங்கி மேலெழும். பம்பு உறிஞ்ச அது வலையிலே சென்று படியும். வலை அடைபட, பம்பு மேலும் வலிந்து உறிஞ்சும். வலிந்து உறிஞ்ச, வெடிப்பின் வழியே காற்று உட்புகும். காற்று நெருக்கினாற் சுருங்கும், டீசல் சுருங்காது. பம்பினுள்ளே காற்றுப் புகுந்தால், பீச்சவேண்டிய விசை அக்காற்றை நெருக்குவதிலேயே கழியும். விரைந்து ஓடுகையில் எஞ்சினின் சுழல்விசை இக்குறையை மறைக்கும். மெல்ல ஓடுகையில் மறைக்க ஒன்றுமில்லை. ஐந்து நிமிடம் நின்றால் வழும்பு மீண்டும் அடியிற் படியும், எஞ்சின் பிடிக்கும். தாங்கி நிறைந்திருந்தால் டீசல் குறைந்த உயரமே ஏறவேண்டும். ஆதலின் நோயும் குறையும். வெடிப்பிலே டீசல் கசியாமைக்கும் காரணம் இதுவே: அக்குழாயினுள்ளே அழுத்தம் வெளியினுங் குறைவு, வெளிக்காற்று உட்செல்லுமேயன்றி உள்ளிருப்பது வெளிவராது. நிலத்திலே கசிவைத் தேடிய இரு கராஜ்காரரும் ஒன்றும் காணாமற் போனது இதனாலேயே.

தாங்கி கழுவப்பட்டது, வலை துப்புரவாக்கப்பட்டது, புதிய குழாயும் வளையமும் பில்டரும் இடப்பட்டன, கைப்பம்பால் டீசலை ஏற்றிக் காற்று வெளியேற்றப்பட்டது. எல்லாம் முடிந்தபின், கடைசியாகவே முதியவர் திருகாணியைத் தொட்டார். மெல்லப் பின்னோக்கித் திருப்பி, 950 இலிருந்து 750 இற்கு இறக்கிப் பூட்டினார். "எஞ்சின் பொய் சொல்லாது பண்டிதர். ஆணியைத் திருப்பினவன்தான் பொய் சொன்னவன்" என்றார். செலவு முழுதும் ஒரு மாதத் தவணையிலும் குறைந்தது. லொறி இன்றும் தம்புள்ளைக்குப் போய்வருகின்றது.

குறியும் காரணமும்

திருக்குறளின் 95 ஆம் அதிகாரமாகிய 'மருந்து' நோயையும், நோயின் முதலையும், அதனைத் தணிக்கும் வழியையும் ஒழுங்காக ஆராயுமாறு மருத்துவனுக்கு முறைவகுக்கின்றது. அம்முதியவர் அதனைக் கற்றவரல்லர், அம்முறையில் வாழ்பவர். கேட்டு, கண்டு, ஒவ்வொன்றாக விலக்கி, எஞ்சியதைப் பற்றினார். திருத்தத்தைக் கடைசியிலே வைத்தார். முதற் கராஜ் திருத்தத்தை முதலிலே வைத்தது. வேகம் குறைந்தமை நோயன்று, நோயின் குறி. குறியை அழித்துவிட்டால் நோய் பேசும் வாயை அடைத்தவராவோம். திருகாணியை ஏற்றியதனால் அந்த லொறிக்கு வந்த தீங்கும் அதுவே: பத்து நிமிடம் ஓட்டிப் பார்ப்பவனுக்கு நோய் தெரியவில்லை; கடவையில் மாத்திரம் தெரிந்தது.

ஆசிரியராகிய நாமும் இதனைச் சிறிது எண்ணிப் பார்க்கலாம். ஆறாந் தரத்து மாணவன் ஒருவன் கரும்பலகையில் உள்ளதைப் பிழைபட எழுதுகின்றான். பத்துமுறை எழுதுக என்று தண்டிக்கின்றோம். அல்லது இரங்கிப் புள்ளியைச் சிறிது கூட்டிவிடுகின்றோம். இரண்டும் திருகாணியைத் திருப்புதலே. அவனை முன்வாங்கிலில் இருத்திப் பார்த்தால், பிழை கண்ணில் உள்ளதோ கருத்தில் உள்ளதோ என்பது ஒரே நாளிலே தெரிந்துவிடும். கலனை உயரக் கட்டி, இடையிலுள்ள ஐயத்தை விலக்கிய சோதனைக்கும் இதற்கும் வேறுபாடு இல்லை.

பழைய லொறி வாங்க எண்ணுவோருக்கு முடிவாகச் சில சொற்கள். எஞ்சின் குளிர்ந்திருக்கையில் நீங்களே பிடிக்கச் செய்யுங்கள். விற்பவர் முன்னரே சூடாக்கி வைத்திருக்க இடங்கொடாதீர்கள். அரைமணி நேரத்துக்குக் குறையாது ஓட்டுங்கள். தாங்கியில் டீசல் குறைவாக இருக்கும்போது ஓட்டுவது இன்னும் நன்று. ஓடி வந்து நிறுத்தியபின் விளக்குகளைப் போட்டு, நின்றோடும் ஓசையைக் கேளுங்கள். பில்டரின் அடியைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். திருகாணியின் பூட்டு நட்டிலே புதிய வடு இருக்கின்றதா என்று பாருங்கள். இருந்தால், ஏன் என்று கேளுங்கள். விடை வரும்வரை முற்பணத்தை மேசைமேல் வைக்காதீர்கள்.